ஃபுல் ஃப்ரேமுக்கு மாறும் முன்: சென்சார் தருவது எவ்வளவு, லென்ஸ் தருவது எவ்வளவு

கையில் கேனன் 80டி, 200டி அல்லது நிக்கான் டி5600, டி7200 போல ஒரு கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர். கூடவே பெட்டியோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 எஃப்1.8, ஒரு டெலி ஜூம். பகல் வெளிச்சத்தில் படங்கள் அருமையாக வருகின்றன. விடியற்காலை முகூர்த்தத்திலும் இரவு ரிசப்ஷனிலும் நிழல் பகுதிகளில் நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) ஏறிவிடுகிறது, முகத்தின் தோல் பிசுபிசுத்துப் போகிறது. "ஃபுல் ஃப்ரேமுக்குப் போய்விடலாமா?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடம் இதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா) நல்ல லென்ஸும் வாங்கும் அளவுக்குப் பணம் இருந்தால், எடுப்பதும் பெரும்பாலும் மனிதர்களாக இருந்தால், தயங்காமல் மாறுங்கள். பாடிக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது, லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மாறாதீர்கள். இது சிக்கனத்துக்காகச் சொல்லும் அறிவுரை அல்ல. படத்தில் தெரியும் தரம் சென்சாரின் பரப்பளவையும் லென்ஸின் திறப்பையும் (எஃப் எண்; எண் சிறிதானால் திறப்பு பெரிது) சேர்த்தே அமைகிறது. ஒன்றைப் பெரிதாக்கி மற்றொன்றைச் சிறிதாக்கினால் நின்ற இடத்திலேயே நிற்போம்.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. நிக்கான், சோனி, பியூஜிஃபில்ம் நிறுவனங்களின் கிராப் சென்சார் சுமார் 23.5×15.6 மி.மீ.; கேனனுடையது இன்னும் கொஞ்சம் சிறியது, 22.3×14.9 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் 864 சதுர மி.மீ.க்கு எதிரே 367, கேனனுக்கு 332. அதாவது 2.35 மடங்கு, கேனனுக்கு 2.6 மடங்கு. ஒரு ஸ்டாப் என்பது இரண்டு மடங்கு வெளிச்சம் என்பதால், ஒரே தலைமுறை சென்சார்களை ஒப்பிட்டால் லாபம் சுமார் ஒன்றேகால் ஸ்டாப், கேனனில் 1.4 ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான். யூடியூபில் காட்டும் பக்கத்துப் பக்கத்துப் படங்களில் வித்தியாசம் இதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், அங்கே லென்ஸும் மாறியிருக்கிறது அல்லது பழைய சென்சாரைப் புதியதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த ஒன்றேகால் ஸ்டாப் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு என்பதை ஒரு ரூபாய் செலவில்லாமல் பார்க்கலாம். இருட்டான அறையில் ஒருவரை உட்காரவைத்து, கேமராவை ட்ரைபாடில் வைத்து, ரா ஃபார்மாட்டில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் வடிவம்) ஐஎஸ்ஓ 6400-இல் ஒரு படம் எடுங்கள். அப்பர்ச்சரை மாற்றாமல் ஐஎஸ்ஓவை 2500-க்குக் குறைத்து, ஷட்டர் வேகத்தை அதற்கேற்ப மெதுவாக்கி இன்னொன்று எடுங்கள். இடைவெளி சுமார் 1.3 ஸ்டாப். ஏறக்குறைய ஃபுல் ஃப்ரேம் தரும் அதே அளவு. இரண்டையும் ஒரே அளவுக்குத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் தூரத்திலிருந்து பாருங்கள். "இந்த வித்தியாசத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுக்கலாம்" என்று தோன்றினால் மேலே போகலாம். தோன்றாவிட்டால் உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அதே 6400 படத்தை நாய்ஸ் நீக்கும் மென்பொருளில் ஒருமுறை ஓட்டியும் பாருங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டீநாய்ஸ், டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் டீப்பிரைம் போன்றவை ரா ஃபைலில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் மீட்டுத் தருகின்றன. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் கூட ஆகும். ஆயிரம் படம் கொடுக்க வேண்டிய கல்யாண வேலைக்கு அது ஒத்துவராது. ஆல்பத்துக்குப் போகும் நூறு படத்துக்கு நன்றாகவே ஒத்துவரும்.

லென்ஸ் கணக்கு

கிராப் சென்சாரில் உள்ள லென்ஸின் மி.மீ.யையும் எஃப் எண்ணையும் 1.5-ஆல் (கேனனில் 1.6-ஆல்) பெருக்கினால், அதற்கு நிகரான ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் எது என்று தெரியும். கோணம், பின்னணி மங்கல், நாய்ஸ் மூன்றும் இந்தக் கணக்கில் ஒத்துப்போகும். எக்ஸ்போஷருக்கு இது பொருந்தாது, எஃப்2.8 எந்தக் கேமராவிலும் எஃப்2.8-தான். மொத்தமாகச் சேரும் வெளிச்சத்தை ஒப்பிட மட்டும் இந்தப் பெருக்கல்.

இப்போது பிரபலமான ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். கேனன் ஆர்8 பாடியோடு ஆர்எஃப் 24-50 எஃப்4.5-6.3 லென்ஸைக் கிட்டாகத் தருகிறார்கள். 50 மி.மீ.யில் அது எஃப்6.3. கேனன் கிராப்பில் அதற்கு நிகர், 31 மி.மீ.யில் எஃப்3.9. உங்களிடம் ஏற்கெனவே உள்ள 18-55 லென்ஸ் அந்த இடத்தில் எஃப்4.5-இலிருந்து எஃப்5-க்குள் திறக்கும். ஆக, புதிய கேமரா வாங்கி முடித்தபின் கையில் மிஞ்சும் லாபம் அரை ஸ்டாப்பை ஒட்டியதுதான். நிக்கானின் இசட் 24-50 எஃப்4-6.3 கிட்டும் இதே கதை. "ஃபுல் ஃப்ரேம் வாங்கியும் பெரிய மாற்றம் தெரியவில்லையே" என்ற புலம்பல்களில் பெரும்பகுதிக்கு இந்தக் கிட் லென்ஸ்கள்தான் காரணம். குறை பாடியில் இல்லை.

ஒரு படி மேலே, 24-105 எஃப்4. கேனன் கிராப்பில் இதற்கு நிகர் சுமார் எஃப்2.5. ஆனால் கிராப் டிஎஸ்எல்ஆருக்கு டாம்ரான் 17-50 எஃப்2.8, சிக்மா 17-50 எஃப்2.8 ஓஎஸ் ஆகியவை பல வருடங்களாக இருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைக்கும். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கேமரா) கிராப்புக்கு வெறும் 290 கிராம் எடையில் சிக்மா 18-50 எஃப்2.8 இருக்கிறது. எஃப்4 ஃபுல் ஃப்ரேமுக்கும் எஃப்2.8 கிராப்புக்கும் உள்ள தூரம் மூன்றில் ஒரு ஸ்டாப். எட்டும் தூரத்தில் 24-105 நீளமானது, அது உண்மையான வசதி. இருட்டுக்கு அது பதில் இல்லை.

கிட் லென்ஸின் நீண்ட முனையில் எஃப்5.6, அதை எஃப்2.8 ஆக்கினால் முழுதாக இரண்டு ஸ்டாப். சென்சார் மாற்றம் தருவதைவிட இது அதிகம், செலவோ அதன் ஒரு பகுதி. எனவே கிட் லென்ஸிலேயே இருப்பவருக்கு முதல் வேலை எஃப்2.8 ஜூம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் ஃபுல் ஃப்ரேம் எங்கே வெல்கிறது? கிராப்பில் நிகரான லென்ஸ் கிடைக்காத இடங்களில். 24-70 எஃப்2.8-க்கு நிகராக எஃப்1.8 ஜூம் வேண்டும். சிக்மா 2013-இல் கொண்டுவந்த 18-35 எஃப்1.8 அப்படிப்பட்டது, ஆனால் 811 கிராம், கோணம் 27-52 மட்டுமே. 70-200 எஃப்2.8-க்கு நெருங்கி வருவது சிக்மா 50-100 எஃப்1.8, ஆனால் அதன் கோணம் 75-150 மட்டுமே. 85 எஃப்1.4-க்கு நிகராக 56 எஃப்0.95 வேண்டும், கிடைக்கும் நல்ல லென்ஸான சிக்மா 56 எஃப்1.4 ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 84 எஃப்2.1. மணவறைக்கு எதிரே பத்தடி தள்ளி நின்று, வீடியோக்காரர்களுக்கு நடுவே இடம்பிடித்து, தாலி கட்டும் கையையும் முகத்தையும் 70-200 எஃப்2.8-இல் ஐஎஸ்ஓ 6400-இல் எடுக்கும் ஒருவருக்கு ஃபுல் ஃப்ரேம் ஆடம்பரம் அல்ல, தொழில் கருவி. ஹோமப் புகை கான்ட்ராஸ்ட்டைக் குறைத்திருக்கும்; பிறகு அதை மீட்கும்போது நிழலில் இருக்கும் நாய்ஸெல்லாம் மேலே வரும். அங்கே ஒன்றேகால் ஸ்டாப் கண்ணுக்குத் தெரியும்.

ஆழம் வேண்டுமென்றால் லாபம் கரையும்

இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. மேடையில் மூன்று வரிசையாகச் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். எல்லா முகமும் தெளிவாக வேண்டும். கிராப்பில் எஃப்5.6 போதுமென்றால் ஃபுல் ஃப்ரேமில் அதே ஆழத்துக்கு (முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும் தூரம்) எஃப்8-ஐக் கொஞ்சம் தாண்ட வேண்டும். ஷட்டர் வேகம் அதேதான் என்றால், ஐஎஸ்ஓ 1600-இல் முடிந்த வேலை இப்போது 3200-ஐத் தாண்டும். நாய்ஸ் பழையபடியே. ஃப்ளாஷ் போட்டால் அதற்கும் இருமடங்குக்கு மேல் சக்தி வேண்டும். மறுபடி சார்ஜ் ஆகும் நேரம் கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். குரூப் போட்டோ, உணவு, நகை, கட்டட உட்புறம் இவற்றை எடுப்பவர்கள் அதிக நாய்ஸ் காரணமாக மாறினால் ஏமாறுவார்கள். பல்பு இருக்கும் இடத்தை மாற்றுவதும் இன்னொரு லைட் வாங்குவதும் அவர்களுக்குப் பெரிய பலன் தரும்.

மறுமுனையில், மெல்லிய ஆழமே சிக்கலாகவும் மாறும். ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ., எஃப்1.8, இரண்டு மீட்டர் தூரம்: தெளிவாக இருக்கும் பகுதி சுமார் 6 செ.மீ. மாப்பிள்ளை ஒரு சாண் பின்னால் நின்றாலே அவர் முகம் மங்கிவிடும். எஃப்4-இல் அது 13 செ.மீ. ஜோடிக்கு எஃப்4, ஒற்றை முகத்துக்கு எஃப்2 என்று முதல் மாதத்திலேயே கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

கழித்துப்போட்ட படங்களைத் திறந்து பாருங்கள்

லைட்ரூமில் லைப்ரரி ஃபில்டரில் மெட்டாடேட்டாவைத் திறந்தால் ஐஎஸ்ஓ, ஃபோகல் லெங்த் வாரியாக எத்தனை படம் என்று காட்டும். லைட்ரூம் இல்லாதவர்கள் இலவசமான டிஜிகேமில் இதைச் செய்யலாம். கடைசியாக எடுத்த நான்கைந்து நிகழ்ச்சிகளில் நீங்கள் ஒதுக்கிய படங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் ஒதுக்கப்பட்டது என்று பிரியுங்கள்.

ஆள் அசைந்து மங்கியது என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. அதற்கு எஃப்1.8 லென்ஸோ அதிக ஐஎஸ்ஓவோ தீர்வு. ஃபுல் ஃப்ரேம் இங்கே உதவும். கை நடுங்கியது என்றால் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா உதவும், ஆனால் கேனன் ஆர்பி, ஆர்8 இரண்டும் ஃபுல் ஃப்ரேமாக இருந்தும் அது இல்லாதவை. ஃபோகஸ் காதிலோ பின்னணியிலோ விழுந்தது என்றால் குற்றம் ஆட்டோஃபோகஸுடையது. 200டியில் 9 ஃபோகஸ் புள்ளிகள், டி5600-இல் 39. எல்லாம் நடுப்பகுதியைச் சுற்றி. மிரர்லெஸ்ஸில் ஃப்ரேமின் பெரும்பகுதியிலும் கண்ணைத் தேடிப் பிடிக்கும். இந்த வசதி கிராப் மிரர்லெஸ்ஸிலும் அப்படியே இருக்கிறது: கேனன் ஆர்10, ஆர்7, நிக்கான் இசட்50-இன் இரண்டாம் பதிப்பு, சோனி ஏ6700. டிஎஸ்எல்ஆரிலிருந்து ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் மகிழும் பாதி விஷயம் இந்தக் கண் ஃபோகஸ்தான். அதைச் சென்சார் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

படத்தில் பட்டை பட்டையாக இருளும் ஒளியும் மாறி வந்தால் அது எல்இடி மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/50 அல்லது 1/100 வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரை வேறு வேகத்தில் மினுங்கும். அங்கே சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைத் தொடவே வேண்டாம். சென்சாரை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்கச் சில மாடல்களுக்கு 1/20 நொடி கூட ஆகும். அத்தனை நேரத்தில் விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடும். புதிய ஃபுல் ஃப்ரேம் வாங்கியவர்கள் முதல் கல்யாணத்தில் அடிக்கடி சிக்குவது இதில்தான். மெக்கானிக்கல் ஷட்டர் வைத்து, ஆன்டி ஃப்ளிக்கர் அமைப்பையும் ஆன் செய்துகொள்ளுங்கள்.

மெகாபிக்சல் போதாமல் ஒதுக்கிய படம் ஒன்றாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். 12×36 அங்குல ஆல்பத்தில் பாதிப் பக்கத்தை, அதாவது 12×18 அங்குலத்தை, ஒரே படம் நிறைத்தாலும் 300 டிபிஐயில் தேவை 3600×5400 பிக்சல், 19.4 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் தாராளம்.

பறவை எடுப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் பறவை எப்போதும் தூரத்தில்தான். 300 மி.மீ. லென்ஸ் நிக்கான் கிராப்பில் 450-க்கு உரிய கோணம் தருகிறது. அதே லென்ஸை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் போட்டு அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 10 மெகாபிக்சல். நாய்ஸிலும் லாபமில்லை, வெட்டி எறிந்த பகுதியில் விழுந்த வெளிச்சமும் அதோடு போய்விடுகிறது. பழைய கோணம் திரும்ப வேண்டுமென்றால் நிக்கான் இசட் 180-600 போன்ற லென்ஸ் வேண்டும். ட்ரைபாடில் மாட்டும் காலர் இல்லாமலே 1,955 கிராம். சோனி 200-600 அதைவிட அதிகம், 2,115 கிராம். 45 மெகாபிக்சல் பாடி வாங்கினால் கிராப் மோடில் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவது) 19.5 மெகாபிக்சல் கிடைக்கும், விலையும் அதற்கேற்றபடி ஏறும். லென்ஸுக்குத் தனியாகப் பணம் ஒதுக்காத பறவைப் பிரியர்களுக்கு, பறவைக் கண்ணைத் தொடரும் கிராப் மிரர்லெஸ்தான் நேர்மையான பரிந்துரை.

பழைய லென்ஸில் எது கூட வரும்

கேனனில் இஎஃப் என்று எழுதியிருந்தால் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ். இஎஃப்-எஸ் என்றால் கிராப்புக்கானது. இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே முடியாது. ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆனால் கேமரா தானாகவே கிராப் மோடுக்குப் போய்விடும். 24 மெகாபிக்சல் கேமராவில் 9 மெகாபிக்சல்தான் வரும். உங்கள் 50 எஃப்1.8 எஸ்டிஎம் இஎஃப் வகை, கவலையில்லாமல் கூட வரும். இதுவரை 80 மி.மீ. போலத் தெரிந்த கோணம் இனி அசல் 50 ஆக விரியும்.

நிக்கானில் டிஎக்ஸ் என்ற எழுத்தைத் தேடுங்கள், இருந்தால் அது கிராப்புக்கானது. 35 எஃப்1.8ஜியில் இரண்டு வகை உண்டு. பலரிடம் இருப்பது விலை குறைந்த டிஎக்ஸ். 50 எஃப்1.8ஜி முழு ஃப்ரேமுக்கானது. பழைய நிக்கான் லென்ஸை இசட் மிரர்லெஸ்ஸில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்கள் இசட் பாடியில் கையால் ஃபோகஸ் செய்தால்தான் உண்டு. இதைத் தெரியாமல் 80-200 எஃப்2.8டியை நம்பி மாறியவர்கள் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

பேட்டரியையும் கவனியுங்கள். டி7200-இன் இஎன்-இஎல்15 இசட்5, இசட்6-இல் வேலை செய்யும். டி5600-இன் பேட்டரி செய்யாது. 80டியின் எல்பி-இ6 வகை ஆர்6-க்கு ஆகும். 200டியின் எல்பி-இ17 ஆர்8-க்கு ஆகும்.

பில் போடும்போது

பாடி விலையை மட்டும் எழுதாமல் ஒரு தாளில் முழுதும் எழுதுங்கள்: பாடி, எஃப்2.8 ஜூம் அல்லது குறைந்தது 35, 85 எஃப்1.8 இரண்டு, அடாப்டர், கூடுதல் பேட்டரி இரண்டு, வேகமான கார்டுகள், ஹார்ட் டிஸ்க். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் சுருக்கிய நிலையில் 25 முதல் 30 எம்பி. 45 மெகாபிக்சல் சுமார் 50 எம்பி. மூவாயிரம் படம் எடுக்கும் கல்யாணத்துக்கு முதலாவதில் 85 ஜிபி, இரண்டாவதில் 150 ஜிபி. இரண்டு பிரதி வைத்தால் இருமடங்கு. பழைய லைட்ரூம் 6 வைத்திருப்பவர்களுக்குப் புதிய கேமராவின் ரா ஃபைல் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றித் திறக்கலாம்.

சம்பளத்துக்குக் கல்யாணம் எடுப்பவர் இரண்டு கார்டு ஸ்லாட் இல்லாத பாடியை வாங்கக் கூடாது. ஆர்பி, ஆர்8, சோனி ஏ7சி, முதல் தலைமுறை நிக்கான் இசட்6 எல்லாம் ஒரே ஸ்லாட். இசட்5, ஆர்6, ஏ7 மார்க் 3, ஏ7 மார்க் 4 ஆகியவற்றில் இரண்டு உண்டு. கேமராவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி; தொழிலை ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், பில் இல்லாத கிரே மார்க்கெட் பாடியின் விலைக் குறைவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு லாபம் அல்ல. இந்திய உத்தரவாதமும் அதில் வராது.

செகண்ட் ஹேண்ட் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் இன்றைக்கு மிக நல்ல பேரம். கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் வெளியிடவில்லை. அதனால் டி750, 5டி மார்க் 4 எல்லாம் விலை இறங்கியிருக்கின்றன. வாங்குமுன் ஷட்டர் எண்ணிக்கை கேளுங்கள். நிக்கானில் கேமராவிலிருந்து நேராக வந்த ஃபைலின் எக்ஸிஃப் தகவலிலேயே அது இருக்கும். கேனனின் பல மாடல்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும். 6டி 1,00,000 முறைக்கும், டி750, 5டி மார்க் 4 இரண்டும் 1,50,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. எஃப்16-இல் வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூசியும் எண்ணெய்த் துளியும் கரும்புள்ளியாகத் தெரியும். 2012-இல் வந்த நிக்கான் டி600-க்கு இந்தப் புள்ளிப் பிரச்சினை பெயர்பெற்றது. அடுத்த ஆண்டே டி610 வந்தது. லென்ஸில் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சர்வசாதாரணம். வீட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பதமானியும் வைத்துப் பாதுகாக்க வேண்டும்.

முடிவெடுக்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். வாங்க நினைக்கும் பாடியோடு, வாங்க முடிகிற லென்ஸையே எடுங்கள். கடைக்காரர் தரும் 85 எஃப்1.2-ஐ மாட்டிப் பார்த்து மயங்குவதில் பயனில்லை. நீங்கள் வழக்கமாக எடுக்கும் மண்டபத்தில், வழக்கமாக நிற்கும் இடத்தில், பழைய கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டிலும் எடுங்கள்.

வாங்கிவிட்டால் பழைய பாடியை உடனே விற்க வேண்டாம். அதற்குக் கிடைக்கும் விலை குறைவு. 55-250 போன்ற டெலி ஜூம் மாட்டி இரண்டாவது கேமராவாக வைத்தால் மேடையின் தூரக் காட்சிகளுக்கு நன்றாக உதவும், முதல் கேமரா நின்றுபோனாலும் வேலை நிற்காது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கிளம்புமுன் இரண்டு பாடியின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் சரிசெய்துகொள்ளுங்கள். மறந்துவிட்டால், இரண்டு கேமராவிலும் ஒரே நேரத்தில் எடுத்த ஒரு காட்சியைத் தேடிப் பிடித்து, லைட்ரூமில் எடிட் கேப்சர் டைம் வழியாக ஒரு கேமராவின் எல்லாப் படங்களையும் மொத்தமாக நகர்த்தலாம்.